மூன்றாம் வரிசையில் எங்கள் விசிறி

லண்டனில் ஒரு புல்தரை. அதன் ஓரமாக நாலைந்து வரிசைக் கதிரைகள். மூன்றாம் வரிசையில், படிக்கட்டுக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டுப் பனையோலை விசிறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

நான் புங்குடுதீவு இறுப்பிட்டியில், என் வீட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் கதிரை நுனியில் இருந்தேன். பக்கத்தில் என் மனைவி மலர். வாசல் பக்கம் அந்தோணி அண்ணை. அவர் கடற்தொழில் செய்பவர். தென்மேற்கால் வருகிற சோளகக் காற்று கடுமையாக அடிக்கிற நாட்களில் வள்ளத்தைக் கரையில் விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு டென்னிஸ் பார்க்க வந்துவிடுவார்.

விசிறியைக் கண்டவுடன் எனக்குச் சந்தோசம்தான் வந்தது. "அந்தா அக்கா! அக்கா காட்டுறா!" என்று எழும்பியே விட்டேன்.

சிவப்பும் பச்சையும் கரை போட்ட, சுளகளவு பெரிய விசிறி. மலர் பின்னியது. லண்டனில் இருக்கிற என் அக்காவுக்கு நாங்களே கொடுத்து அனுப்பியது. உலகத்தில் அப்படி இன்னொன்று இல்லை.

பிறகுதான் விசிறி ஆடிய விதம் கண்ணில் பட்டது. அது உயரத் தூக்கிக் காட்டுகிற ஆட்டம் அல்ல. பணிய, நிலத்தோடு ஒட்டி, படுத்திருக்கிற ஒருவருக்கு வீசுகிற ஆட்டம்.

நடுவர் உயரக் கதிரையில் இருந்து ஏதோ சொன்னார். பந்தைப் போட இருந்தவன் பந்தைக் காற்சட்டைப் பைக்குள் வைத்தான். சனம் முழுக்க அந்த மூலைக்குத் திரும்பியது. இரண்டு பேர் பையோடு படியேறி ஓடினார்கள். கூடிநின்றவர்களின் கால்களுக்கு இடையில் நீலத் துணி ஒன்றின் ஓரம் தெரிந்தது.

மலர் தேத்தண்ணிக் கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டுத் திரைக்குக் கிட்டப் போனாள்.

"குணம், அக்கா இண்டைக்கு என்ன நிறம் எண்டு சொன்னவ?" என்று அந்தோணி அண்ணை மெல்லக் கேட்டார்.

நீலம். மத்தியானம் அக்காவே போனில் சொல்லியிருந்தார்.

 அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

ரிக்கற் கிழித்தவனுக்கு டென்னிஸ் ஏன்?

பத்திரிகையின் இந்தப் பக்கத்தைப் பல கிழமையாக வாசிக்கிறவர்களுக்கு நான் யார் என்று தெரியும். முப்பது வருடம் பஸ்ஸில் ரிக்கற் கிழித்தவன். பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட மிதிபலகையில் நின்று கேட்டது கூட. சனம் சொல்லுகிற கதைகளைக் காதால் பொறுக்கிச் சேர்த்து வைத்திருக்கிறேன். அதைத்தான் இங்கே கிழமைக்குக் கிழமை இறக்கி வைக்கிறேன்.

என் டென்னிஸ் பைத்தியம் பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும். சரவணையில் ஏறும் ஒரு அம்மா ஒருநாள் மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டே கேட்டார்: "தம்பி, உந்தப் பந்தை அங்காலயும் இஞ்சாலயும் அடிக்கிறாங்களே, அதுக்கு ஒரு முடிவு இல்லையோ? ஆராவது ஒராள் வைச்சிருக்கட்டுமன்."

அந்த விளையாட்டைப் பற்றி இதைவிட நல்ல விமர்சனத்தை நான் இன்னும் கேட்கவில்லை.

ஆனால் எனக்கு டென்னிஸ் கண்ணால் வந்தது அல்ல. காதால் வந்தது. சரியாகச் சொன்னால் கையால் வந்தது.

டைனமோ

சண்டைக்குப் பயந்து தீவை விட்டு எல்லோரும் வெளிக்கிட்ட காலம். நாங்கள் யாழ்ப்பாணப் பக்கம் ஒரு வீட்டின் பின்னறையில் இருந்தோம். அப்பா, புனிதம் அக்கா, நான். கரண்ட் என்ற சொல்லே மறந்துபோன நேரம். ரேடியோவுக்குப் பற்றறி கிடையாது. சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, டைனமோவில் இருந்து வயர் இழுத்து ரேடியோவில் பூட்டி, பெடலைக் கையால் சுற்ற வேண்டும். சுற்றினால் உலகம் பேசும். விட்டால் ஊமை.

செய்தி கேட்கத்தான் சுற்றினோம். ஆனால் அக்காவுக்கு இங்கிலிசில் ஒரு ஆசை. வருடத்தில் ஒருதரம், சோளகக் காலத்தில், லண்டனில் புல்தரையில் நடக்கிற பெரிய போட்டியை வானொலியில் சொல்லுவார்கள். "அவங்கள் கதைக்கிற இங்கிலிஸ் வடிவு, குணம். ஒருதரும் அவசரப்படுறேல்லை," என்பார். நான் சுற்றுவேன். அக்கா கேட்டுக் கேட்டு எனக்குச் சொல்லுவார்.

இங்கிலிஸ் எனக்குப் பிடிபடவில்லை. பந்தின் சத்தம் பிடிபட்டது. டொக். கொஞ்சம் பொறுத்து, டொக்.

அந்த நாட்களில் எங்கள் காது வேறு மாதிரி. ஒரு ஷெல் சத்தம் கேட்டால் அடுத்தது எங்கே விழும் என்று நிலத்தோடு படுப்போம். இந்தச் சத்தத்தில் மட்டும்தான் அடுத்தது வந்தால் நிம்மதி. பந்து திரும்பி வந்துவிட்டது. இன்னும் ஒன்றும் முடியவில்லை.

அதே அறையில்தான் அப்பாவும் வருத்தமாய்ப் படுத்திருந்தார். அக்கா ஒரு கையால் அவருக்கு விசிறிக்கொண்டு, காதை ரேடியோப் பக்கம் வைத்துக்கொண்டு இருப்பார். அக்கா விசிறுவதில் ஒரு கணக்கு உண்டு. மூன்று வீச்சு, ஒரு ஓய்வு. மூன்று வீச்சு, ஒரு ஓய்வு. கை நோகாமல் நெடுநேரம் வீச அவவே கண்டுபிடித்தது. அந்த ஓய்வு வரும்போது அப்பா ஒருக்கால் கண்ணைத் திறந்து பார்ப்பார்.

கடைசிப் போட்டி அன்று ஐந்தாம் செற் போய்க்கொண்டிருந்தது. அக்காவுக்குப் பிடித்தவன் முன்னுக்கு நின்றான். எனக்குத் தோள்மூட்டு விட்டுப்போனது. கொஞ்ச நேரம்தான், ஒரு தண்ணி குடிக்கிற நேரம், பெடலை விட்டேன். திரும்பச் சுற்றியபோது சனம் கைதட்டிக்கொண்டிருந்தது. அவன் தோற்றுவிட்டான்.

"நீ நிப்பாட்டினாய், அவன் தோத்திட்டான்," என்றார் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அந்த வருட மாரி மழை தொடங்க முதல் அப்பாவும் போய்விட்டார். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது என் தலைக்குத் தெரியும். தோள்மூட்டுக்குத் தெரியாது. இன்றைக்கும் ஒரு ஆட்டம் இறுகி நிற்கும்போது நான் தண்ணி குடிக்க எழும்பமாட்டேன்.

வடலி

பிறகு அக்கா கலியாணம் செய்து லண்டனுக்குப் போனார். நான் தீவுக்குத் திரும்பி வந்தேன். இருவருக்கும் நடுவில் கதைக்க ஆயிரம் கவலை இருந்தாலும், சோளகம் தொடங்கினால் நாங்கள் கதைப்பது டென்னிஸ்தான்.

எங்களுக்கென்று ஒரு ஆள் இருந்தான். சின்ன நாடொன்றில் இருந்து வருகிற கட்டையான இடக்கைக்காரன். பெயரை எங்கள் வாயால் சொல்ல ஏலாது. அதனால் மலர் அவனுக்கு 'வடலி' என்று பெயர் வைத்தாள். அவனோடு மோத வருகிறவர்கள் எல்லாம் வளர்ந்த பனை மாதிரி நிற்பார்கள்; இவன் பக்கத்தில் நிற்கிற இளம் பனை, வடலி. வருடா வருடம் மூன்றாம் சுற்றுக்குள் தோற்றுப்போவான். அடுத்த வருடம் திரும்பவும் வருவான்.

"உவனைப் பாத்தா எனக்கு என்ர வள்ளம் ஞாபகம் வருது," என்பார் அந்தோணி அண்ணை. "ஒவ்வொரு வருசமும் தாழும் எண்டுதான் நினைக்கிறன்."

போன வருடம் வடலி, இதுதான் தனக்குக் கடைசி என்று சொல்லிவிட்டான்.

நான் செய்த பிழை அங்கேதான் தொடங்குகிறது.

அத்தான் செத்த பிறகு அக்கா தன் மகள் சிந்துவோடு இருக்கிறார். வடலி அப்படிச் சொன்னதற்கு முந்திய மாரியில் அக்காவுக்கு நெஞ்சு அடைத்து, ஆஸ்பத்திரியில் வைத்து இரத்தக் குழாய்க்குள் ஸ்ரென்ற் போட்டிருந்தார்கள். அதிகம் நடக்கக் கூடாது. வெயிலில் நிற்கக் கூடாது. வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியவன் நான்.

"அக்கா, இவ்வளவு வருசம் லண்டனில இருந்தும் ஒருநாளும் போய்ப் பாக்கேல்லை. வடலிக்கும் இதுதான் கடைசி," என்று போனில் சொன்னேன். ஒருமுறை அல்ல, கிழமைக்கு இரண்டு தடவை சொன்னேன்.

சிந்து எனக்குத் தனியாகப் போன் எடுத்தாள். "மாமா, அம்மாவை ஏத்தி விடாதேங்கோ. அங்க ரிக்கற்றுக்கு விடிய முதல் போய் வரிசையில நிக்கோணும். எனக்கு லீவு இல்லை, தனியத்தான் போவா. அவவுக்கு ஏதும் நடந்தா என்ன செய்யிறது?"

"ஒண்டும் நடக்காது பிள்ளை," என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை.

திருவிழாச் சனத்துக்குள்

விசிறி என் யோசனை. அம்மா இருந்த காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. நயினாதீவுத் திருவிழாவுக்குப் போனால் அம்மா ஒரு பெரிய பனையோலை விசிறியைக் கையில் கொண்டுபோவார். வீசுவதற்கு அல்ல. சனத்துக்குள் பிள்ளைகள் தவறிப்போனால் அவர் விசிறியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பார். கரைக்குச் சிவப்பும் பச்சையும் சாயம் போட்டிருக்கும். அழாமல், நின்ற இடத்தில் நின்று, விசிறியைத் தேடிப் பார்க்க வேண்டும். கண்டால் அதை நோக்கி நடக்க வேண்டும். வீட்டுக்கு வீடு இப்படி ஏதோ ஒன்று இருந்தது. சிலர் குடை. எங்களுக்கு விசிறி.

"அக்கா, நீங்கள் விசிறியைத் தூக்கிப் பிடிச்சால் நான் ரீவியில கண்டுபிடிப்பன்," என்றேன்.

பனம்பொருள் நிலையத்தில் வேலை செய்யும் மலருக்குப் பின்னல் கைவந்த வேலை. அதே கரை, அதே சாயம், ஆனால் அம்மாவின் விசிறியிலும் பெரிது. லண்டனில் இருந்து திருவிழாவுக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டோம்.

போட்டி நாள் எங்களுக்கு மத்தியானம், அங்கே காலை, அக்கா வரிசையில் நின்று போன் எடுத்தார். குரல் சின்னப் பெட்டையின் குரலாய் இருந்தது.

"குணம், விடிய வந்திட்டன். புல்லு ஈரம், செருப்பெல்லாம் நனைஞ்சு போச்சு. எனக்கு முன்னுக்கு நிக்கிற வெள்ளைக்காரப் பொடியன் என்ர இடியப்பத்தைப் பாத்து என்ன எண்டு கேட்டவன். குடுத்தன். சம்பலோட சாப்பிட்டிட்டு இப்ப தண்ணி தேடித் திரியிறான்."

"நெஞ்சுக்குக் குளிசை போட்டனீங்களோ?"

"ஓமடா. நீயும் சிந்து மாதிரித் தொடங்காதை. நீலச் சட்டை போட்டிருக்கிறன், பாத்துக்கொள். இண்டைக்கு இஞ்ச நல்ல வெயில்."

நல்ல வெயில். அந்தச் சொல் எனக்குள் அப்போதே இறங்கிவிட்டது.

ஆட்டம் தொடங்கியது. சின்னப் புல்தரை, சின்ன மேடை. முதல் இடைவேளையில் கமரா சனத்தைச் சுற்றி ஓடியபோது விசிறி உயர எழும்பி நின்றதைக் கண்டோம். மூன்றாம் வரிசை, படிக்கட்டுப் பக்கம். மலர் கண்ணைத் துடைத்தாள். அந்தோணி அண்ணை, "இவ்வளவு தூரம் கடந்து ஒரு ஓலை போயிருக்குது பார்," என்றார்.

வடலி முதல் செற்றைத் தோற்று இரண்டாவதை வென்றான். மூன்றாவதில்தான் விசிறி திரும்பவும் தெரிந்தது. நிலத்தோடு ஒட்டி.

கோபுரமும் செத்தது

கரண்ட் போனதும் திரை கறுத்தது. வெளியில் நல்ல வெளிச்சம். காற்று பனைகளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது.

"அது வேற ஆரும் இருக்கும்," என்றாள் மலர்.

"விசிறி அக்காவின்ரதானே?" என்று கேட்டேன்.

"ஓம்."

"அக்காவின்ர விசிறியால வேற ஒராள் வீசுறதெண்டால், கீழ கிடக்கிறது ஆர்?"

 நான் எழும்பிப் போனை எடுத்தேன். ஒரு கோடும் இல்லை. எங்கள் பக்கத்துப் போன் கோபுரத்துக்குக் கரண்ட் போனால் அதுவும் கூடவே போய்விடும், பற்றறி பழசு. முற்றத்துக்கு வந்தேன். கிணற்றுக்கட்டில் ஏறினேன். போனை உயரத் தூக்கினேன். ஒன்றும் இல்லை.

"பாலத்தடிக்குப் போம்," என்றார் அந்தோணி அண்ணை. "அங்க வேலணைப் பக்கத்துக் கோபுரம் எடுக்கும். நான் மலர் தங்கச்சியோட இருக்கிறன்."

புங்குடுதீவையும் வேலணையையும் கடலுக்கு நடுவால் இணைக்கிற தெரு அது. எங்களுக்கு அது பாலம். சைக்கிளை எடுத்தேன். மலர் பின்னால் ஓடிவந்து என் கண்ணாடியைச் சட்டைப் பைக்குள் வைத்தாள். "மெல்லப் போங்கோ," என்றாள். பிறகு, "கெதியாப் போங்கோ," என்றாள்.

காற்று தள்ளியது

சோளகம் முதுகில் நின்று தள்ளியது. மிதிக்காமலே சைக்கிள் ஓடும். அவ்வளவு காற்று.

எனக்குக் கெதியாகப் போகப் பயம். போய்ச் சேர்ந்தால் தெரிந்துவிடும். மெதுவாகப் போகவும் பயம். இரண்டு பக்கத்தாலும் பூட்டிக்கிடக்கிற வீடுகள் போய்க்கொண்டிருந்தன. சனம் இல்லாத வீடுகள். எத்தனை வீட்டுக்கு இப்படித் தூரத்தில் இருந்து ஒரு செய்தி வந்திருக்கும் என்று நினைத்தேன். நினைக்காதே என்றும் எனக்கே சொன்னேன்.

பஸ்ஸில் ஒருமுறை ஒரு ஐயா சொன்னார். மகன் வெளிநாட்டில் ஆஸ்பத்திரியில், கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்தார். "தம்பி, பயத்துக்குச் சீற் வேண்டாம். அது நிண்டுகொண்டே கடைசி மட்டும் வரும்." அன்றைக்கு ரிக்கற்றைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டேன். பாலத்துக்குப் போகிற தெருவில் அந்த ஐயா எனக்குப் பின்னால் கரியரில் இருந்தார்.

பாலத்தில் ஏறினேன். இரண்டு பக்கமும் கடல் கலங்கி, வெள்ளையாய் நுரை தள்ளியது. காற்று இப்போது பக்கவாட்டிலும் பிடித்தது. என் கால்கள் விட்டுப்போயின. முழங்கால் நோகிறது. மிதிப்பதை நிறுத்து, காற்று கொண்டுபோகும் என்று உடம்பு சொல்லுகிறது.

நிறுத்த முடியவில்லை.

நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். பேரப்பிள்ளை கண்ட மனிசன், ரிக்கற் மெசினும் கணக்கும் தெரிந்தவன், தானே ஓடுகிற சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்தேன். பெடல் நின்றால் லண்டனில் ஏதோ ஒன்று நின்றுவிடும். அவ்வளவுதான். அதற்கு மேல் யோசிக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

நடுப்பாலம் தாண்டச் சட்டைப் பைக்குள் போன் துள்ளியது. ஒன்று, இரண்டு, மூன்று. எனக்கு யார் யார் கூப்பிட்டார்கள் என்று குறுஞ்செய்திகள். காலை ஊன்றி நின்று கண்ணாடியைப் போட்டேன்.

சிந்து. சிந்து. சிந்து. சிந்து. சிந்து. சிந்து.

ஆறு தடவை. வேலை நேரத்தில் ஒருநாளும் எடுக்காத பிள்ளை.

 சைக்கிளைப் பாலத்துக் கட்டில் சாய்க்கப் பார்த்தேன், விழுந்துவிட்டது. விழுந்தபடி கிடக்கட்டும் என்று விட்டேன். சிந்துவுக்கு அடித்தேன். அவள் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு அடித்தேன். போன் அணைந்து கிடந்தது. திரும்பச் சிந்துவுக்கு. இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.

எல்லோருக்கும் சொல்லத் தொடங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

அப்போதுதான் தெரியாத நம்பர் ஒன்று அடித்தது. லண்டன் நம்பர். ஆஸ்பத்திரி. வேறு என்னவாக இருக்கும்? எடுக்காமல் விட்டால் அது நடக்காமல் இருக்கும் என்பதுபோல் இரண்டு தடவை, மூன்று தடவை மணி அடிக்க விட்டேன். நாலாவதில் எடுத்தேன்.

"குணம்?"

காற்றைத் தடுக்க உள்ளங்கையால் போனை மூடினேன்.

"குணம், கேக்குதோ? நான் அக்கா."

"நீங்கள்… நீங்கள்தானோ?"

"வேற ஆர்? இது இஞ்ச முதலுதவி செய்யிற பிள்ளையின்ர போன். கெஞ்சி வாங்கினனான். நீ ரீவியில பாத்திருந்தால் பயந்திருப்பாய் எண்டு நினைச்சன். என்ர போன் பையுக்குள்ள, பை கதிரைக்குக் கீழ. ஆட்டம் தொடங்கேக்கை அணைக்கச் சொன்னவை, அணைச்சனான்."

நான் பாலத்தில், தார் ரோட்டில், அப்படியே குந்திவிட்டேன்.

மூன்று வீச்சு, ஒரு ஓய்வு

விழுந்தது அக்காவுக்கு முன் வரிசையில் இருந்த ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண். நீலப் பாவாடை. வெயிலில் இருந்தவர் பேச்சு மூச்சில்லாமல் படிக்கட்டுப் பக்கம் சாய்ந்துவிட்டார். அக்கா இறங்கிப் போய்ப் பக்கத்தில் முழங்காலில் இருந்து விசிறத் தொடங்கியிருக்கிறார்.

"டொக்டர்மார் வந்தாப்பிறகு விடப் பாத்தன், குணம். அவவின்ர மனிசன் விடேல்லை. கிழவன் கதைக்கேல்லை, நிப்பாட்டாதேங்கோ எண்டு கையால காட்டிக்கொண்டே நிண்டான். அவவும் என்ர மற்றக் கையைப் பிடிச்சிட்டா. ஸ்ரெச்சரில கொண்டு போகேக்கையும் விடேல்லை. நானும் கூடவே நடந்து விசிறிக்கொண்டு போனனான். கை செத்துப் போச்சு."

"இவ்வளவு நேரமோ? உங்கட நெஞ்சு என்ன மாதிரி?"

"நெஞ்சு இருக்குது. என்னத்துக்கு உனக்கு இப்பிடி மூச்சு வாங்குது?"

"கரண்ட் போயிட்டுது அக்கா. பாலத்தடிக்கு வந்தனான். சைக்கிள்."

 இங்கே காற்று போனுக்குள் ஊதிக்கொண்டிருந்தது.

"நிப்பாட்டாமலோ வந்தனீ?" என்று கேட்டார்.

"ஓம். நிப்பாட்டேல்லை."

அக்கா அழுதாரா சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது. நானும் அப்படித்தான் இருந்தேன்.

"வடலி என்ன மாதிரி?" என்றார் பிறகு.

"தெரியாது. நீங்கள்தானே அங்க நிக்கிறியள்."

"நான் எங்க பாத்தன்?"

அவ்வளவு வருடம் கனவு கண்டு போன ஆட்டத்தை அக்கா பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

கேட்காமல் விடலாம் என்று நினைத்ததைக் கடைசியில் கேட்டேன். "அந்த மனிசிக்கு?"

"தெரியேல்லை குணம். ஒருக்கால் கண்ணைத் திறந்தா. வண்டியில ஏத்தேக்கை விசிறியைக் கிழவன்ர கையில குடுத்திட்டன். வீசிக்கொண்டுதான் ஏறினவன்."

சைக்கிளை நிமிர்த்தித் திரும்பி மிதித்தேன். இப்போது காற்று முகத்தில். ஒரு முழம் போக ஒரு முழம் பின்னுக்குத் தள்ளியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: மூன்று வீச்சு, ஒரு ஓய்வு. தொலைக்காட்சியில் விசிறி அப்படித்தான் ஏறி இறங்கியது. வீசுவது அக்காவின் கை என்று என்னைத் தவிர இந்த உலகத்தில் வேறு யாருக்குத் தெரியும்? பயத்தில் நான் விசிறியைப் பார்த்தேன். வீச்சைப் பார்க்கவில்லை.

வாசல் படலையில் மலர் நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். தலையில் கையை வைத்துக்கொண்டு அந்த இடத்திலேயே குந்திவிட்டாள். நானும் பக்கத்தில் குந்தித்தான், அக்காவுக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னேன். உள்ளே கரண்ட் வந்திருந்தது.

"வடலி அஞ்சாம் செற்றில தோத்திட்டான்," என்றார் அந்தோணி அண்ணை, ஏதோ தன் பிழைபோல. "கடைசி ரெண்டு பொயின்ற்தான் நாங்கள் பாத்தது."

பிறகு சிந்து எடுத்தாள். வேலைத்தளத்தில் ஒளித்துப் போனில் ஆட்டம் பார்த்திருக்கிறாள். அவளும் விசிறியைத்தான் கண்டிருக்கிறாள். நான் மன்னிப்புக் கேட்டேன். "அழாதேங்கோ மாமா," என்றாள், அழுதுகொண்டு.

அந்தப் பெண் பிழைத்தாரோ இல்லையோ இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. பெயரும் தெரியாது. மலர் இடைக்கிடை கேட்பாள், "அந்த மனிசி இப்ப எங்க இருப்பா?" என்று, ஊரில் தெரிந்த யாரையோ கேட்பதுபோல.

இதை எழுதும்போது திரும்பவும் சோளகம். புல்தரைப் போட்டி தொடங்கிவிட்டது. வடலி இல்லை. ஆனால் அக்கா இன்றைக்கும் போய் வரிசையில் நிற்கிறார். போகச் சொல்லி நான் ஒரு சொல் சொல்லவில்லை. போகவேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை. இந்த முறை சிந்துவும் லீவு எடுத்துக்கொண்டு கூடப் போயிருக்கிறாள். மலர் இரண்டு விசிறி பின்னி அனுப்பினாள். இரண்டாவது யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

ஆட்டம் தொடங்க இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. தொலைக்காட்சியைப் போட்டுவிட்டேன். சைக்கிளை வாசலில், பாலத்துப் பக்கம் பார்க்க நிறுத்தியிருக்கிறேன். காலையிலேயே இரண்டு சில்லுக்கும் காற்று அடித்தாயிற்று. என்றாலும் முதல் பந்து போட முன்னம் போய் ரயரை இன்னும் ஒருக்கால் அமத்திப் பார்த்துவிட்டு வருகிறேன்.